வான்கெல் எஞ்சின் விமானத்தில் எரிபொருள் செலவு: கலவைத் திருகை எங்கே நிறுத்துவது?

கேள்வி இதுதான்: சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானம். அதில் இரட்டை ரோட்டார் மஸ்தா 13பி எஞ்சின், அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழலும் வான்கெல் வகை; டர்போ இல்லை. 7,500 அடி உயரத்தில், த்ராட்டில் முழுக்கத் திறந்து, 5,500 ஆர்பிஎம்மில் பறக்கும்போது மணிக்கு 41 லிட்டர் போகிறது. கலவைத் திருகால் பெட்ரோலைக் குறைத்துக் கலவையை லீன் ஆக்கினால் எக்சாஸ்ட் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பயந்துபோய் மறுபடியும் பெட்ரோல் அதிகமான ரிச்சுக்கே திருப்ப வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சினே இப்படித்தான் குடிக்குமா, டியூனிங்கில் கோளாறா?

கொஞ்சம் எஞ்சின், நிறைய திருகு. எவ்வளவு எது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

13பி-யின் ஒரு அறை 654 சிசி. ரோட்டார்கள் சுழற்றும் தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டாரும் ஒரு அறை காற்றை இழுக்கும். அதாவது சுற்றுக்கு 1.308 லிட்டர். 5,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 7,194 லிட்டர். 7,500 அடியில் நிலையான வளிமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.98 கிலோ. அறை 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் மணிக்கு 380 கிலோ காற்று. இதை 12.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று எரித்தால் 29.7 கிலோ, அதாவது 41 லிட்டர். நீங்கள் சொன்ன அதே எண். ஆக, உங்கள் எஞ்சின் அதிகபட்சத் திறன் தரும் ரிச் கலவையில் ஓடுகிறது. கசிவு, பழுதான இன்ஜெக்டர் என்று தேட வேண்டிய நிலைமை இல்லை.

அதே காற்றை 16-க்கு 1 என்று எரித்தால் மணிக்கு 33 லிட்டர். திறன் சுமார் 119 குதிரைத்திறனிலிருந்து 104-க்கு இறங்கும். ஆனால் வேகம் திறனின் கனமூலத்தைப் பின்பற்றுவதால் 4 சதவீதத்துக்குச் சற்று கூடுதலாகத்தான் குறையும். ஒரே தூரத்துக்குக் கணக்கிட்டால் 16 சதவீதம் மிச்சம். அதே 104 குதிரைத்திறனை நன்றாக லீன் செய்யப்பட்ட ஒரு பிஸ்டன் விமான எஞ்சின் 28 லிட்டர் அளவில் தந்துவிடும். 28-க்கும் 33-க்கும் இடையிலான ஐந்து லிட்டர் வான்கெலின் பிறவிக்குணம்; அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. 33-க்கும் 41-க்கும் இடையிலான எட்டு லிட்டர் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த ஐந்து லிட்டர் எங்கே போகிறது? எரியும் அறை நீளமாக, தட்டையாக இருக்கிறது. கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு மிக அதிகம், வெப்பம் அதன் வழியே கூலன்ட்டுக்கும் எண்ணெய்க்கும் ஓடிவிடும். ரோட்டாரின் பின்பக்க மூலையில் இருக்கும் கலவையைத் தீப்பிழம்பு கடைசியில்தான், சில நேரம் எட்டாமலேயே, அடைகிறது. ரோட்டாரின் முனையில் இருக்கும் அடைப்புப் பட்டையான ஏபெக்ஸ் சீல், பிளக் துளையைக் கடக்கும் கணத்தில் அழுத்தம் பக்கத்து அறைக்குக் கசியும். ஒவ்வொரு ரோட்டாருக்கும் லீடிங், டிரெயிலிங் என்று இரண்டு பிளக்; அதில் டிரெயிலிங் பிளக்கின் துளை சிறிதாக இருப்பது இதனால்தான். எரிதல் நீண்டுகொண்டே போய், எக்சாஸ்ட் துளை திறக்கும்போதும் முடியாமல் இருக்கும். வாயு எக்கச்சக்கச் சூட்டோடு வெளியேறுவதற்கு அதுவே காரணம்.

இங்கேதான் 900 டிகிரி பயத்துக்குப் பதில் இருக்கிறது. பிஸ்டன் எஞ்சினில் 750 டிகிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த எண் பயங்கரமாகத் தெரியும். ஆனால் வான்கெலில் எரிந்துபோக எக்சாஸ்ட் வால்வே கிடையாது. டர்போ இல்லாத 13பி-யில் 870 முதல் 930 டிகிரி வரை அன்றாட எண். இந்தச் சூட்டில் கெடுவது எஞ்சின் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் குழாயும் மஃப்ளரும். சாதாரண எஃகு செதில் செதிலாக உரியும், 304 ஸ்டெயின்லெஸ் வெல்டு ஓரங்களில் விரியும். 321 தாங்கும், துளைக்கு அருகிலுள்ள பகுதிக்கு இன்கோனெல் 625 இன்னும் நல்லது. மஃப்ளருக்குள் இருக்கும் தடுப்புத் தகடு உடைந்து வெளிவாயை அடைப்பது இந்த எஞ்சின்களில் தெரிந்த கோளாறுதான். திறன் திடீரென்று குறைந்தால் எரிபொருளைத் தேடுவதற்கு முன் மஃப்ளரை ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகலக்கும்.

இன்னொன்று, நீங்கள் முதலில் லீன் பக்கம் திருப்பிய திசை சரிதான், நிறுத்திய இடம்தான் தப்பு. ரிச்சிலிருந்து லீனுக்குப் போகும்போது எக்சாஸ்ட் வெப்பம் ஏறி, ஒரு உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கும். நீங்கள் ஏறும் பக்கத்திலேயே பயந்து திரும்பிவிடுகிறீர்கள். உச்சியைத் தாண்டி 25 முதல் 50 டிகிரி இறங்கிய இடம்தான் வேண்டியது. மானி காட்டும் எண் எவ்வளவு என்பது முக்கியமே இல்லை. வெப்பம் அளக்கும் ப்ரோப், எக்சாஸ்ட் துளையிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறதா, 15 செ.மீ. தள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். உச்சியிலிருந்து எத்தனை டிகிரி இறங்கியது என்பதைப் பாருங்கள்.

வரம்பு ஒன்று உண்டு. முழுத்திறனில், தரைமட்டத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே லீன் கலவை நாக்கிங்கை, அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டுவதை, கொண்டுவரும். வான்கெலில் அந்தச் சத்தம் புரொப்பெல்லர் இரைச்சலில் காதில் விழாது. ஏபெக்ஸ் சீல் உடைந்த பிறகுதான் தெரியவரும். உங்கள் 7,500 அடி கணக்கு, முழுத்திறனான 180 குதிரைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு. அந்த அளவில் உச்சியைத் தாண்டுவதற்குப் பயம் வேண்டாம். 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரிச்சிலேயே இருங்கள். டர்போ உள்ளவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

திருகைத் தொடும் முன், அட்டவணை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று எஞ்சினின் கணினியான இசியூ பார்க்கும் எண்களின் கட்டங்கள்தான் அது. முதல் உலகப்போர்க் காலத்து ரோட்டரி எஞ்சின்களில், அதாவது சிலிண்டர்களே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும் அந்த வேறு ஜாதியில், லெ ரோன் போன்றவற்றுக்குக் காற்றுக்கு ஒரு நெம்பு, பெட்ரோலுக்கு ஒரு நெம்பு. பைலட்டின் காதும் கையும்தான் கணினி. இப்போது அந்த வேலையை இசியூவின் அட்டவணை செய்கிறது. அட்டவணை மேடுபள்ளமாக இருந்தால் ஓரிடத்தில் லீன் செய்த திருகு, ஆயிரம் அடி ஏறியதும் வேறு இடத்தில் நிற்கும்.

லாம்டா என்பது, கலவையில் இருக்கும் காற்று, பெட்ரோல் சரியாக எரியத் தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்: 1-க்குக் கீழே ரிச், மேலே லீன். திருத்தும் கணக்கு எளிது: பழைய எண்ணை, அளந்த லாம்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்டாவால் வகுக்க வேண்டும். அட்டவணையின் ஒரு கட்டத்தில் 68 இருக்கிறது, எக்சாஸ்ட் குழாயில் லாம்டாவைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் 0.92 காட்டுகிறது, உங்களுக்கு 0.85 வேண்டும் என்றால் 68 × 0.92 ÷ 0.85 = 73.6. விகிதத்தில் பேசாமல் லாம்டாவில் பேசுவதற்குக் காரணம் எத்தனால். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்பது 10 சதவீத எத்தனால் கலந்தால் 14.1 ஆகிவிடும், லாம்டா மாறாது. ஏறும்போது 0.82 முதல் 0.86, பயணத்தில் திருகால் 1.08 முதல் 1.12. அட்டவணையைத் திருகு நடுவில் இருக்கும்போது ரிச்சாக வருமாறு கட்டுங்கள். லீன் என்பது திருகின் வேலை, அட்டவணையின் வேலை அல்ல. ஒரு கட்டத்தை மாற்றினால் பக்கத்துக் கட்டங்களையும் தடவிச் சமன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் இரண்டு எண்களுக்கு நடுவே ஊஞ்சலாடும்.

வாலைக் கட்டித் தரையில் ஓட்டிப் பாதி அட்டவணையைத்தான் நிரப்ப முடியும். மீதியை விமான நிலையத்துக்கு மேலேயே, உயரம் கையிருப்பு வைத்து, திரையைப் பார்க்க ஒருவரும் வெளியே பார்க்க ஒருவருமாகச் செய்யுங்கள். உயரத்தில் இன்னொரு சங்கதி காத்திருக்கிறது: மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம், அதே 22 அங்குலப் பாதரசமாக இருந்தாலும், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. எக்சாஸ்ட் எளிதாகக் காலியாகும், அறைக்குள் புதுக்காற்று சற்று அதிகமாக நுழையும். தரையில் சரியாக இருந்த கட்டம் மேலே லீன் காட்டுவது இதனால். இசியூவில் பாரோமீட்டர் திருத்தம் இருந்தால் அங்கே திருத்துங்கள், அந்தக் கட்டத்தைக் கெடுக்காதீர்கள்.

அடுத்து சென்சார். டியூனிங்கில் வீணாகும் பெட்ரோலில் பெரும்பகுதி, பொய் சொல்லும் வைட்பேண்டை நம்பியதால் வீணாவது. அது பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்சிஜனை அளக்கிறது. பிளக்கில் கரி பிடித்து ஒரு ரோட்டார் அவ்வப்போது எரியாமல் விட்டால், எரியாத ஆக்சிஜன் முழுவதும் சென்சாருக்கு வரும், உடனே லீன் என்று காட்டும். உண்மையில் கலவை ரிச். நீங்களோ, தானாகத் திருத்தும் இசியூவோ இன்னும் பெட்ரோலை ஊற்ற, பிளக் இன்னும் நனையும். சென்சார் லீன் காட்டுகிறது, ஆனால் எக்சாஸ்ட் வெப்பம் குறைந்துகொண்டே வருகிறது, எஞ்சின் தடுமாறுகிறது என்றால், பெட்ரோலைத் தொடாமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபிளாஞ்சில் மயிரிழைக் கசிவு இருந்தாலும் இதே பொய்தான்.

சென்சாரைத் துளையிலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி வையுங்கள். பரவலான வைட்பேண்ட் சென்சாரான பாஷ் எல்எஸ்யூ 4.9 தொடர்ந்து தாங்கும் வாயு வெப்பம் 930 டிகிரி, உங்கள் குழாயின் தொடக்கம் அந்த எல்லையிலேயே இருக்கிறது. விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்எல் ஊற்றினால் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கும், அது சென்சாரை மெல்லக் கொன்றுவிடும். ஈயப் பெட்ரோலில் பறப்பவர்கள் சென்சாரை டியூனிங்குக்கு மட்டும் மாட்டி, பிறகு துளையை அடைத்துவிட்டு, எக்சாஸ்ட் வெப்பத்தையும் எரிபொருள் ஓட்ட மானியையும் வைத்துப் பறப்பதே நல்லது. இந்த எஞ்சினுக்கு உயர் ஆக்டேன் தேவையும் இல்லை. டர்போ இல்லாத 13பி சாதாரண பெட்ரோலில் நிம்மதியாக ஓடும்.

அடுத்தது இரண்டு ரோட்டார்களுக்கும் இடையிலான சமன். திருகை ஒரே சீராக, மெதுவாக லீன் பக்கம் திருப்பிக்கொண்டே, முன் ரோட்டாரின் வெப்பம் உச்சியைத் தொடும்போது ஓட்ட மானி காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் ரோட்டார் தொடும்போது காட்டுவதையும் குறியுங்கள். வெப்பங்கள் 40 டிகிரி வித்தியாசமாக இருந்தாலும் பரவாயில்லை, உச்சிகள் ஒரே ஓட்டத்தில் வந்தால் போதும். முன்னது 36 லிட்டரிலும் பின்னது 38.5 லிட்டரிலும் தொட்டால் அது கோளாறு. பின் ரோட்டாருக்குப் பங்கு குறைவாகப் போகிறது, முன்னது சரியான இடத்துக்கு வரும்போது பின்னது லீன் எல்லையைத் தாண்டித் தடுமாறும். நீங்கள் அந்தத் தடுமாற்றத்தை ‘இந்த எஞ்சின் லீனில் ஓடாது’ என்று புரிந்துகொள்வீர்கள். ஓடும். இரு இன்ஜெக்டர்களையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர், மாறாவிட்டால் அந்தப் பக்க இன்டேக் கசிவு. இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங்கை முதலில் சந்தேகியுங்கள்.

இன்ஜெக்டர் பற்றிப் பேசும்போது ஸ்டேஜிங்கைச் சொல்லியாக வேண்டும். ரோட்டாருக்கு இரண்டு இன்ஜெக்டர்: எப்போதும் வேலை செய்யும் பிரைமரி, தேவை கூடும்போது சேரும் செகண்டரி. எப்போது சேர்வது என்பதுதான் ஸ்டேஜிங். டர்போ இல்லாத எண்பதுகளின் ஆர்எக்ஸ்-7 இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 460 சிசி. மணிக்கு 33 லிட்டர் என்பது ரோட்டாருக்கு நிமிடத்துக்கு 275 சிசி; பிரைமரி மட்டுமே 60 சதவீத நேரம் திறந்திருந்தால் போதும். டேக்ஆஃபில் 6,000 ஆர்பிஎம்முக்கு ரோட்டாருக்கு 530 சிசி அளவில் வேண்டும், அங்கே இரண்டும் சேர்ந்தாக வேண்டும். இந்த மாறும் புள்ளியை மேனிஃபோல்டு அழுத்தம் 21, 22 அங்குலத்தில் வைத்திருந்தால் உங்கள் பயண அழுத்தத்திலேயே செகண்டரி திறந்து மூடிக்கொண்டிருக்கும், கலவை ஒரு நிலையில் நிற்காது. 24 அங்குலத்துக்கு நகர்த்துங்கள். அழுத்தம் ஏறும்போது செகண்டரி சேரும் புள்ளிக்கும் இறங்கும்போது விலகும் புள்ளிக்கும் ஒரு அங்குல இடைவெளி இருக்கட்டும். அந்தப் புள்ளியில் பிரைமரி 85 சதவீதத்தைத் தாண்டவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் பிரைமரியை மட்டும் வைத்துக்கொள்வதற்கு இன்னொரு லாபம். இன்ஜெக்டர் திறக்கவே ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி எடுக்கும், மின்னழுத்தம் குறைந்தால் இன்னும் தாமதமாகும். 5,500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்று 10.9 மில்லி விநாடி. ஒரு இன்ஜெக்டர் என்றால் பாயும் நேரம் 6.5, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 3.3. ஆல்டர்னேட்டர் செத்து, தாமதம் 0.2 மில்லி விநாடி கூடினால், ஒன்றில் 3 சதவீதமும் இரண்டில் 6 சதவீதமும் லீன் ஆகும். ஏற்கெனவே லாம்டா 1.1-ல் இருப்பவருக்கு அந்த 6 சதவீதம் எஞ்சினைத் தடுமாற வைக்கப் போதும். இசியூவில் மின்னழுத்தத் திருத்த அட்டவணை காலியாக இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள்.

லீன் கலவை மெதுவாக எரியும், அதனால் தீப்பொறியை முன்னதாகக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெறும் பெட்ரோலை மட்டும் குறைப்பவர்களுக்குத்தான் திறன் ஒரேயடியாக விழுகிறது. லீடிங் பிளக்கை 22 முதல் 25 டிகிரியில் தொடங்கி, லாம்டா 1.1-ல், த்ராட்டிலைத் தொடாமல், இரண்டிரண்டு டிகிரியாகக் கூட்டுங்கள். இலைகளின் கோணம் மாறாத ஃபிக்ஸட் பிட்ச் புரொப்பெல்லர் என்றால் ஆர்பிஎம் மெல்ல ஏறும், எக்சாஸ்ட் வெப்பம் இறங்கும். ஆர்பிஎம் ஏறுவது நின்றதும் இரண்டு டிகிரி பின்வாங்கி அங்கேயே விட்டுவிடுங்கள். டிரெயிலிங் அதற்கு 8 முதல் 10 டிகிரி பின்னால் வரட்டும். இந்த அதிகப்படி முன்னேற்றம் பயண அழுத்தத்துக்கான கட்டங்களில் மட்டும் இருக்க வேண்டும். முழுத்திறன் கட்டங்களுக்குள் அது கசியக் கூடாது.

டிரெயிலிங்கை அணைத்துப் பார்த்தால் ஆர்பிஎம் சிறிதளவே விழும், ஆனால் எக்சாஸ்ட் வெப்பம் தெளிவாக ஏறும். ஏறவில்லை என்றால் டிரெயிலிங் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. சோதனையின்போது தவறுதலாகக்கூட இரண்டையும் சேர்த்து அணைத்துப் போடாதீர்கள். எரியாத பெட்ரோல் சிவக்கக் காய்ந்த மஃப்ளரில் வெடித்து அதைப் பிளந்துவிடும்.

எண்ணெய் பற்றிச் சுருக்கமாக: சீல்களுக்கு எண்ணெய் ஊட்டும் மீட்டரிங் பம்பைக் கழற்றிவிட்டால் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்தாக வேண்டும். பரவலாகப் பயன்படும் அளவு 128-க்கு 1. அதாவது 50 லிட்டருக்கு 390 மில்லி. லீன் கலவையில் பெட்ரோல் குறையும்போது சீலுக்குப் போகும் எண்ணெயும் அதே விகிதத்தில் குறைகிறது என்பதால், இந்த அளவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கலவைக்கு அப்பாற்பட்டு மிச்சம் பிடிக்க இரண்டு இடங்கள். ஒன்று, த்ராட்டில். 3,000 அடியில் பாதி மூடிப் பறப்பதைவிட, மேலே ஏறி முழுக்கத் திறந்து பறங்கள். காற்றை இழுக்கவே வீணாகும் திறன் குறையும். வேகம் குறைக்க வேண்டுமென்றால் த்ராட்டிலை மூடுவதற்கு முன் கலவையை மெலிதாக்குங்கள். லாம்டா 1.12 வரை அதுவே த்ராட்டிலின் வேலையைச் செய்யும். இரண்டாவது, குளிர்விக்கும் காற்றின் இழுவை. இந்த எஞ்சின் தள்ளிவிடும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வழியாகத்தான் போகிறது. எண்ணெய்க் கூலரும் ரேடியேட்டரும் ஏறும்போது தேவைப்படும் காற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை, பயணத்தில் அது அதிகப்படி. லீனில் வெப்பம் குறைந்ததும் வெளிவாயில் ஒரு மடிப்புக் கதவை மூடி, எண்ணெயை 90 டிகிரியை ஒட்டி ஓட விடுங்கள். 70-லேயே ஓடுகிறது என்றால் காற்றை வீணாகத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓட்ட மானியை நம்புவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. ரிட்டர்ன் குழாய் உள்ள அமைப்பில் போகும் வழியில் ஒன்றும் திரும்பும் வழியில் ஒன்றுமாக இரண்டு மானி வேண்டும், அல்லது இசியூவே இன்ஜெக்டர் திறந்த நேரத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும். எதுவானாலும், டேங்கை விளிம்பு வரை நிரப்பி, இரண்டு மணி நேரம் பறந்து, அதே இடத்தில் அதே விளிம்பு வரை நிரப்புங்கள். பம்ப் 70 லிட்டர் காட்டி, மானி 66 காட்டியிருந்தால் அதன் பெருக்கெண்ணை 70/66 மடங்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ‘33 லிட்டர்தான் போகிறது’ என்று கையிருப்பைக் கணக்கிடாதீர்கள்.

கடைசியாக, திருகு. இறங்கத் தொடங்கும்போது அதைப் பற்றி யாருக்கும் நினைவு இருக்காது, ஏனென்றால் குறைந்த த்ராட்டிலில் எஞ்சின் எதையும் பொறுத்துக்கொள்ளும். ஓடுபாதைக்கு மேல் வந்து, திரும்பி ஏற வேண்டியதாகி, த்ராட்டிலை முழுக்கத் திறந்தால், 16-க்கு 1 கலவையோடு கடல்மட்டக் காற்று அறையில் நிரம்பும். திறன் வேண்டிய நேரத்தில் கிடைக்காது, நாக்கிங் கிடைக்கும். பாதுகாப்பான வழி, திருகின் குமிழில் நடுநிலைக்கு ஒரு பள்ளம் போட்டு, கண்ணால் பார்க்காமலே விரலுக்குத் தட்டுப்படும்படி செய்வது. இறங்கும் முன் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் ஃபியூயல் பம்புக்கு அடுத்த வரியிலேயே ‘கலவை நடுவில்’ என்று எழுதி வையுங்கள்.